கணக்கைப் போட்டுப் பார்த்தால்

(கணித ஆசிரியர்களும் பெற்றோரும் பள்ளி மாணவர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பெரும்பாலோரின் கைபேசிக்கு ஒரு நாலு வரிப் பாட்டு வந்திருக்கும். போதாயனார் பாடியது, பிதாகரஸ் தேற்றத்தை நம்மவர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள், அதுவும் வர்க்கமூலம் என்ற தொல்லையே இல்லாமல் சொல்லிவிட்டார்கள் என்ற பெருமிதக் குறிப்போடு வரும். பாட்டை இங்கே பாடப்போவதில்லை. பலருக்கு அது மனப்பாடமாகவே இருக்கும். யார் எழுதியது, எந்தக் காலத்தது என்ற வழக்கையும் புலவர்களிடம் விட்டுவிடுகிறேன். அதில் இருக்கும் கணக்கு மட்டும் எனக்குப் போதும்.

கணக்கு இதுதான். செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை அணைத்து நிற்கும் இரண்டு பக்கங்களில் பெரியதை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளிவிட வேண்டும். மீதமுள்ள ஏழு பங்கோடு சின்னப் பக்கத்தின் பாதியைக் கூட்டினால் கர்ணம் கிடைத்துவிடும். 3, 4 என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான்கில் எட்டில் ஒரு பங்கு அரை, தள்ளினால் மூன்றரை. மூன்றில் பாதி ஒன்றரை. கூட்டினால் 5. அடுத்து 5, 12. பன்னிரண்டில் ஒன்றரையைத் தள்ளினால் பத்தரை, ஐந்தில் பாதி இரண்டரை, கூட்டினால் 13. சரியாக வருகிறது. 6, 8 போட்டால் 10 வரும். 9, 12 போட்டால் 15 வரும்.

இந்த இடத்தில் இரண்டு கட்சிகள் உருவாகின்றன. ஒரு கட்சி, வந்ததை நாற்பது பேருக்கு அனுப்புகிறது. இன்னொரு கட்சி, இதெல்லாம் கட்டுக்கதை என்று சிரித்துவிட்டு நகர்கிறது. இரண்டு கட்சியிலும் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. இத்தனைக்கும் இதைத் தீர்த்துவைக்கத் தேவையான அறிவு பத்தாம் வகுப்புக்கு மேல் ஒன்றும் இல்லை.

முதலில் வேறு எண்களைப் போட்டுப் பார்ப்போம். 8, 15 என்றால் கர்ணம் 17. விதிப்படி போட்டால் பதினேழே அரைக்கால். 7, 24 என்றால் கர்ணம் 25. விதிப்படி 24.5 தான். ஆக விதி சில இடத்தில் சரி, சில இடத்தில் சற்றுக் கூட, சில இடத்தில் சற்றுக் குறைவு. எந்தெந்த இடத்தில் எப்படி? எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனால் ஆயுள் முடியும்வரை போடலாம், கேள்விக்கு விடை வராது. எழுத்து வேலைக்கு வருவது இப்போதுதான்.

சின்னப் பக்கத்துக்கு ‘ச’, பெரிய பக்கத்துக்கு ‘ப’, கர்ணத்துக்கு ‘க’ என்று பெயர் வைப்போம். பின்னம் வேண்டாம் என்று இரண்டு பக்கமும் எட்டால் பெருக்கினால் பாட்டின் விதி

8க = 7ப + 4ச

என்று ஆகிறது. இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்துங்கள். ஒன்பதாம் வகுப்பில் படித்த முற்றொருமைதான்:

64க² = 49ப² + 56பச + 16ச²

பிதாகரஸ் சொல்வது 64க² = 64ப² + 64ச². இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமானால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க,

15ப² − 56பச + 48ச² = 0

என்று வரவேண்டும். இதைக் காரணிப்படுத்த, நடு உறுப்பைப் பிரிக்கும் அந்தப் பழைய வேலை. பதினைந்தையும் நாற்பத்தெட்டையும் பெருக்கினால் 720. பெருக்கினால் 720, கூட்டினால் 56 வரும் இரண்டு எண்கள் எவை? 36, 20. பிரித்து எழுதினால்

(3ப − 4ச)(5ப − 12ச) = 0

கரும்பலகையில் இந்த வரியை எழுதிவிட்டு நான் கொஞ்சம் தள்ளி நிற்பது வழக்கம். வகுப்பில் ஒரு பிள்ளையாவது கவனித்துவிடும்: முதல் அடைப்புக்குள் 3, 4 இருக்கிறது, இரண்டாவதற்குள் 5, 12 இருக்கிறது. பாட்டோடு சேர்ந்து சுற்றும் எடுத்துக்காட்டுகள் இரண்டும் அந்த இரண்டு அடைப்புக்குள்ளும் உட்கார்ந்திருக்கின்றன. பக்கங்கள் மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் இருந்தால் விதி துல்லியமாகச் சரி. ஐந்துக்குப் பன்னிரண்டு என்றாலும் சரி. அவற்றின் மடங்குகளுக்கும் சரி. உலகத்தில் வேறு எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் இது துல்லியமாக வராது. இதைச் சொல்ல நாம் மேற்கொண்டு ஒரு முக்கோணத்தைக்கூட அளந்து பார்க்கவில்லை.

அந்த ஒரே வரி இன்னொன்றும் சொல்கிறது. விகிதம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் ஓர் அடைப்பு நேர்மமாகவும் மற்றது எதிர்மமாகவும் இருக்கும்; பெருக்கல் எதிர்மம்; அதனால் விதி தரும் விடை உண்மையைவிடச் சற்றுக் கூட. 8, 15 இதில்தான் வருகிறது. வெளியே விழுந்தால் பெருக்கல் நேர்மம். விதியின் விடை குறைவு. 7, 24 இந்த வகை. எழுத்து போட்டதால் நமக்குக் கிடைத்த லாபம் இவ்வளவு.

இனி இதையே படமாகப் பார்க்கலாம். ஏனென்றால் எனக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: இந்த எட்டில் ஏழும், பாதியும் எங்கிருந்து வந்தன? எழுத்து அதைச் சொல்லவில்லை.

பெரிய பக்கத்தை 1 என்று நிறுத்திவைத்துவிட்டு, சின்னப் பக்கத்தை மட்டும் பூஜ்யத்திலிருந்து 1 வரை நீட்டிக்கொண்டே போவோம். சின்னப் பக்கத்தின் அளவைக் கிடையாகவும், கர்ணத்தின் அளவைச் செங்குத்தாகவும் வரைபடத் தாளில் குறித்தால், உண்மையான கர்ணம் மெல்ல மேல்நோக்கி வளையும் ஒரு கோடாகப் போகும். பாட்டின் விதி நேர்க்கோடு. 3–4–5 முக்கோணம் வளைகோட்டில் ஒரு புள்ளி. 5–12–13 இன்னொரு புள்ளி. அந்த இரண்டு புள்ளிகளையும் அளவுகோல் வைத்துச் சேர்த்தால் கிடைக்கும் கோட்டின் சாய்வு சரியாக அரை. அது செங்குத்து அச்சைத் தொடும் இடம் சரியாக எட்டில் ஏழு. அவ்வளவுதான் ரகசியம். விதியைச் செய்தவர் எந்த வழியில் போனாரோ, வந்து சேர்ந்த இடம் என்னவோ தெரிந்த இரண்டு முக்கோணங்களைச் சேர்க்கும் இந்த நேர்க்கோடுதான். வளைந்து போவதை நேர்க்கோடு இரண்டு இடத்தில் வெட்டியிருக்கிறது. அந்த இரண்டும் நம் இருபடிச் சமன்பாட்டின் இரண்டு மூலங்கள்.

இது தெரிந்த பிறகு யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு விதி செய்துகொள்ளலாம். 3–4–5 ஐயும் 20–21–29 ஐயும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். பெரியதைப் பதின்மூன்றாலும் சின்னதைப் பதினொன்றாலும் பெருக்கிக் கூட்டி, பதினேழால் வகுத்தால் கர்ணம் என்று வரும். இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் முக்கோணங்களுக்கு இது பழைய விதியைவிட நன்றாக உழைக்கும். பக்கங்கள் இரண்டும் 10 என்றால் பழைய விதி 13.75 தரும், நம் புது விதி 14.12 தரும், உண்மை 14.14. பாட்டாக எழுத வருமா என்று தமிழாசிரியரைக் கேளுங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாட்டின் விதியை நான் இளக்காரமாகப் பேசவில்லை. அந்த இரண்டு விகிதங்களுக்கு நடுவில் அதன் பிழை நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கையில் கயிறும் கோலும் மட்டும் இருப்பவருக்கு அது நல்ல கருவி. ஆனால் பெரிய பக்கம் 100 அடி, சின்னப் பக்கம் 1 அடி என்று வைத்துப் பாருங்கள். விதிப்படி கர்ணம் 88 அடி! கர்ணம் பக்கத்தைவிடக் குட்டையாகப் போய்விட்டது. அப்படி ஒரு முக்கோணத்தை யாராலும் வரைய முடியாது. சின்னப் பக்கம் பெரியதில் கால்பங்குக்கும் குறைந்தால் எப்போதுமே இந்தக் கதிதான். தேற்றம் என்பது வேறு, கைக்கணக்கு என்பது வேறு. பிதாகரஸ் பெயரில் வழங்கும் உறவு எல்லாச் செங்கோண முக்கோணத்துக்கும் பொருந்தும். பழைய வடமொழி நூலான சுல்ப சூத்திரம் அதைச் செவ்வகத்தின் மூலைவிட்டத்துக்குச் சொல்லியிருக்கிறது. யூக்ளிட் தன் நூலின் முதல் புத்தகத்தில் 47ஆவது கூற்றாக வைத்து நிரூபித்திருக்கிறார். அடுத்த கூற்றான 48 அதன் மறுதலை. நம்மூர்க் கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலைமட்டம் பார்க்கும்போது ஒரு நூலில் 3 அடியும் இன்னொன்றில் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கிறாரே, அவர் பயன்படுத்துவது 47 அல்ல, 48. பரீட்சையில் இந்த இரண்டையும் குழப்பி எழுதும் பிள்ளைகளைக் கட்டடம் கட்டும் இடத்துக்கு ஒருமுறை கூட்டிப்போனால் போதும்.

இவ்வளவு நேரம் ஒரு பாட்டைச் சுற்றி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரே கணக்கை எழுத்தாலும் பார்த்தோம், படத்தாலும் பார்த்தோம். எழுத்து ‘இரண்டே இரண்டு’ என்று தீர்ப்புச் சொன்னது. படம் ஏன் இரண்டு என்று காட்டியது. நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இயற்கணிதம் மூன்றாவது பாடம், வடிவியல் நான்காவது, ஆயத்தொலை வடிவியல் ஐந்தாவது. பக்கத்துப் பக்கத்து வீடுதான். ஆனால் பிள்ளைகள் நடுவில் சுவர் எழுப்பிக்கொள்கிறார்கள், நாமும் செங்கல் எடுத்துக் கொடுக்கிறோம். எட்டு மதிப்பெண்ணுக்கு ஒரு வரைகணிதம், எட்டு மதிப்பெண்ணுக்கு ஒரு வரைபடம் என்று கைப்பழக்கமாக்கி விடுகிறோம். கவராயத்தை எங்கே ஊன்ற வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். ஏன் அங்கே என்று தெரியாது.

இதன் விளைவைக் காட்ட ஒரு கணக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் போடலாம். ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 10 செ.மீ. செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்கு வரையும் செங்குத்துக்கோடு 6 செ.மீ. பரப்பளவு என்ன?

(அவையிலிருந்து ‘முப்பது’ என்ற குரல்கள்.)

முப்பது. அடிப்பக்கம் பத்து, உயரம் ஆறு, பெருக்கினால் அறுபது, அதில் பாதி முப்பது. பதில் சொல்ல மூன்று நொடிகூட ஆகவில்லை. இப்போது அந்த முக்கோணத்தை வரையுங்கள்.

(சிரிப்பு.)

வரைய வராது. கர்ணத்தை விட்டமாக வைத்து ஓர் அரைவட்டம் போட்டால், செங்கோண உச்சி அந்த அரைவட்டத்தின் மேல்தான் இருந்தாக வேண்டும். ஆரம் 5. அரைவட்டத்தின் உச்சிக்கே போனாலும் உயரம் ஐந்தைத் தாண்டாது. ஆறுக்கு எங்கே போவது? இதையே எழுத்தில் பார்ப்போம். செங்குத்துக்கோடு கர்ணத்தை இரண்டாக வெட்டுகிறது; இரண்டு துண்டின் கூடுதல் 10. வடிவொத்த முக்கோணங்களால் அவற்றின் பெருக்கல், உயரத்தின் வர்க்கம், அதாவது 36. கூட்டினால் 10, பெருக்கினால் 36. தன்மைகாட்டி 100 கழித்தல் 144. குறை 44. மெய்யெண்ணில் விடை இல்லை. படம் ‘அங்கே எட்டாது’ என்று சொன்னதை எழுத்து ‘குறை 44’ என்று சொல்கிறது. தன்மைகாட்டி பூஜ்யத்துக்குக் கீழே போனால் மூலங்கள் மெய்யல்ல என்று மனப்பாடமாக எழுதுகிறோமே, அந்த வாக்கியத்தின் உருவம் இந்த அரைவட்டம்தான்.

படம்தான் உயர்த்தி என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். படம் நன்றாகப் பொய் சொல்லும். எட்டுக்கு எட்டு சதுரம் ஒன்றை, அட்டையில் வெட்டி, நான்கு துண்டாக்கி, ஐந்துக்குப் பதின்மூன்று செவ்வகமாகச் சேர்த்துக் காட்டும் வித்தையைப் பார்த்திருப்பீர்கள். 64 கட்டம் 65 ஆகிவிடும். கண்ணால் குற்றம் கண்டுபிடிப்பது கடினம். சாய்வைக் கணக்கிட்டால் ஒரு துண்டின் விளிம்பு எட்டில் மூன்று, மற்றதன் விளிம்பு ஐந்தில் இரண்டு. நாற்பதில் 15, நாற்பதில் 16. மூலைவிட்டம் என்று நாம் நினைத்தது நேர்க்கோடே இல்லை. நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி, அதன் பரப்பு சரியாக ஒரு கட்டம். இங்கே எழுத்துதான் திருடனைப் பிடித்தது.

இந்த இரண்டையும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி இருபடிச் சமன்பாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இன்று நாம் எழுதுவது போன்ற குறியீடு ஒன்றுகூட இல்லை; எல்லாம் வாக்கியம். அவருடைய புகழ்பெற்ற கணக்கு: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39, எண் என்ன? அவர் ஒரு சதுரம் வரைகிறார். அதன் பக்கம்தான் தெரியாத எண். பத்து மடங்கை ஐந்து ஐந்தாகப் பிரித்து, சதுரத்தின் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் ஐந்து அகலமுள்ள செவ்வகங்களாக ஒட்டுகிறார். இந்த மூன்று துண்டின் மொத்தப் பரப்பு 39. மூலையில் மட்டும் ஐந்துக்கு ஐந்து ஓர் இடம் காலி. அதை 25 போட்டு நிரப்பினால் மொத்தம் 64, ஒரு முழுச் சதுரம். பக்கம் 8. ஒட்டிய ஐந்தைக் கழித்தால் 3.

‘வர்க்கப் பூர்த்தி முறை’ என்று நாம் நடத்துகிறோமே, கெழுவில் பாதியை எடு, வர்க்கப்படுத்து, இரண்டு பக்கமும் கூட்டு என்று, அந்தப் ‘பூர்த்தி’ இந்தக் காலி மூலையை நிரப்புவதுதான். இதைப் படமாகப் பார்த்த பிள்ளைக்குப் பாதி ஏன், வர்க்கம் ஏன் என்ற சந்தேகம் வராது. இதிலும் எழுத்து ஒரு படி மேலே போகிறது. குறை 13 என்பதும் இந்தக் கணக்குக்கு விடை: 169 கழித்தல் 130, அதுவும் 39 தான். பக்கம் குறை 13 உள்ள சதுரத்தை எந்தத் தாளில் வரைவது? அல்-குவாரிஸ்மி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. எதிர்ம எண்களை ஏற்காததால் ஒரே சமன்பாட்டை அவர் ஆறு வகையாகப் பிரித்துப் பேச வேண்டியிருந்தது. எண்களைக் கொண்டு புள்ளிகளையும் கோடுகளையும் பேசும் டெகார்ட்டின் நூல் 1637இல்தான் வந்தது.

நம் நாட்டுப் பக்கம் வந்தால் இரண்டாம் பாஸ்கரரின் லீலாவதி. 1150இல் எழுதியது. அதில் ஒரு மூங்கில் கணக்கு. 32 முழ மூங்கில் காற்றில் ஒடிந்து, அதன் நுனி அடியிலிருந்து 16 முழ தூரத்தில் தரையைத் தொடுகிறது. எந்த உயரத்தில் ஒடிந்தது? நிற்கும் பகுதி ஒரு பக்கம், தரை ஒரு பக்கம், சாய்ந்த பகுதி கர்ணம். நம் பிள்ளைகள் நிற்பதை எக்ஸ் என்று வைத்து, கர்ணத்தை 32 கழித்தல் எக்ஸ் என்று எழுதி, வர்க்கத்தை விரித்து, வர்க்கங்கள் அடிபட்டுப்போய், 12 என்று கண்டுபிடிப்பார்கள். சரிதான். ஆனால் பாஸ்கரர் வழி இன்னும் சுருக்கம். கர்ணத்தின் வர்க்கத்துக்கும் நிற்பதன் வர்க்கத்துக்கும் வித்தியாசம் 256. வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் கூடுதலையும் வித்தியாசத்தையும் பெருக்கியது. கூடுதல்தான் தெரியுமே, மூங்கிலின் முழு நீளம் 32. ஆகவே வித்தியாசம் 8. கூட்டினால் 32, கழித்தால் 8: கர்ணம் 20, நிற்பது 12. எக்ஸே தேவைப்படவில்லை. எந்த இரண்டைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று கண்டுகொண்டதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான். சூத்திரம் தெரியாமல் அல்ல. எதற்குப் பெயர் வைப்பது, எதற்கு வைக்காமல் விடுவது என்று தெரியாமல். ஒரு செவ்வக மனையின் சுற்றளவு 34 மீட்டர், மூலைவிட்டம் 13 மீட்டர், பரப்பளவு என்ன என்று கேட்டால், உடனே நீளம் எக்ஸ், அகலம் 17 கழித்தல் எக்ஸ் என்று எழுதி இருபடிச் சமன்பாட்டுக்குள் இறங்கிவிடுகிறார்கள். 12, 5 என்று கண்டுபிடித்து, பெருக்கி, 60 என்று கரையேறுகிறார்கள். கேள்வி நீளத்தைக் கேட்கவே இல்லை. நீளமும் அகலமும் சேர்ந்தால் 17. பக்கம் 17 உள்ள ஒரு சதுரம் வரையுங்கள். அதற்குள் நீளத்தின் வர்க்கம், அகலத்தின் வர்க்கம், இரண்டு மனை. மொத்தம் 289. வர்க்கங்கள் இரண்டும் சேர்ந்தால் மூலைவிட்டத்தின் வர்க்கம், 169. மீதி 120 தான் இரண்டு மனை. ஒரு மனை 60.

இப்படிப் போட்டுக்காட்டியதும் சில பிள்ளைகள், ‘சார், இப்படிப் போட்டால் மார்க் போடுவார்களா?’ என்று கேட்பார்கள். போடுவார்கள். திருத்துகிறவரும் கணக்குப் படித்தவர்தான். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. பிள்ளை வேறு வழியில் போட்டிருந்தால், சரியா தவறா என்று குறிக்குமுன், அந்த வழியில் ஒருமுறை கூடவே நடந்து பாருங்கள். நேரம் இல்லை என்பீர்கள். நாற்பது நிமிடப் பீரியடில் நேரம் இல்லைதான். பத்துக் கணக்குப் போடும் இடத்தில் நாலு போட்டு, அந்த நாலையும் இரண்டு விதமாகப் போட்டால் நேரம் இருக்கும். பத்துக்கும் விடை எழுதிய நோட்டைக் காட்டினால்தான் நம்புவேன் என்று பெற்றோர் நிற்காமல் இருந்தால் இன்னும் வசதி.

இனி கேள்விகள் கேட்கலாம். அதற்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். அதே மனை, அதே சுற்றளவு 34 மீட்டர். மூலைவிட்டத்தை மட்டும் 11 மீட்டர் என்று மாற்றியிருக்கிறேன். இப்போது காட்டிய வழியிலேயே போட்டால் இரண்டே வரியில் 84 என்று பரப்பளவு வந்துவிடும். வந்ததும் பேனாவை மூடி வைக்காதீர்கள். அளவுகோலை எடுத்து அந்த மனையை வரைய ஆரம்பியுங்கள்.